ஃபைட்டருக்கு நான் போட்ட டானின்

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆம்பூரில் தோல் பதம் போடுகிற ஒரு டேனரியின் லேபில் இருபத்து நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். பெரிய மர டிரம்முக்குள் தோல் சுற்றும்போது கூடவே சுற்றுகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. நான் சரி என்று சொன்னால்தான் அடுத்த மருந்து உள்ளே போகும். வேண்டாம் என்றால் முதலாளியே வந்து நின்றாலும் போகாது. ஒரு தடவை வந்து நிற்கவும் செய்தார், போகவில்லை. "இந்தம்மா வாயில வுழுந்து எழுந்திருக்க முடியாதுப்பா" என்று டிரம் ஆட்கள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. விழட்டும், எனக்கென்ன?

ஆகவே என் பிள்ளை கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது அவனுடைய மீனை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது ஒரு ஃபைட்டர் மீன். உடம்பு நீலம், துடுப்பும் வாலும் சிவப்பு. நீளம் கட்டைவிரல் அளவுதான், திமிர் மட்டும் திமிங்கலம் அளவு. இன்னொரு மீனைக் கண்டால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிற ஜாதி என்பதால் தனியாகத்தான் வைத்திருக்க வேண்டும். காலேஜில் படிக்கும்போது வாங்கினான். பதினைந்து லிட்டர் கண்ணாடித் தொட்டியில் விட்டு, என் தையல் மெஷின் மேஜையை என்னைக் கேட்காமலே பிடித்துக்கொண்டான். ரயிலில் ஆறேழு மணி நேரம் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. "அம்மா பாத்துக்கட்டும்பா. தண்ணி விஷயம் அவங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று அவங்கப்பாவிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவன் அப்போது பேசிக்கொண்டிருக்கவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. அவன் கெமிஸ்ட்ரி படித்தவன். எங்கள் லேபில் ஒரு இடம் காலியானபோது நான் மேனேஜரிடம் பேசி, என் பிள்ளை வருவான் என்று வாக்கும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். "அந்த நாத்தத்துல என்னால நிக்க முடியாதும்மா" என்றான். "அந்த நாத்தம்தான்டா உன்ன காலேஜ் வரைக்கும் தூக்கினு வந்தது" என்று ஆரம்பித்தேன். எப்போது முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. மூன்றே மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஷேடு பார்க்கிற வேலையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். கேட்ட கலரும் கலக்கிய கலரும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை. ஏன், பெயிண்ட் மட்டும் மல்லிகைப்பூ வாசமா அடிக்கிறது? அதைக் கேட்க ஆசையாக இருந்தது. கேட்க ஆள் இல்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் வரவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வீடியோ கால் மட்டும் வரும். அவங்கப்பாவிடம் அரை மணி நேரம் பேசுவான். கிரிக்கெட், சாப்பாடு, மெஸ்காரர், மழை, எல்லாம். என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறவர். மனுஷன் அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசுவார். அதற்கப்புறம் போன் என் கைக்கு வரும்.

"மீன காட்டுமா."

காட்டுவேன்.

"சாப்டுச்சா?"

"சாப்டுச்சு."

"தண்ணி மாத்தினியா?"

"மாத்தினேன்."

"சரி, வெக்கிறேன்."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இந்த நாலு வரிக்காக நான் வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்து வைப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மீன் இல்லையென்றால் என் பிள்ளைக்கு என்னிடம் பேச ஒன்றுமே இல்லை. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

மார்கழி பிறந்த நேரத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர் அவசரமாகக் கப்பலேற வேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஓவர்டைம். வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம், அவ்வளவுதான். மீனுக்குத் தீனி போட்டேன், தண்ணீர் மாற்றவில்லை. "மாத்தினேன்" என்று போனில் மட்டும் சொன்னேன். விடியற்காலைக் குளிரில் தொட்டித் தண்ணீர் ஜில்லென்று கிடந்தது; அந்த ஜாதிக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று தெரிந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் வாலின் ஓரம் முழுக்கக் கறுத்து, ஊதுபத்தி நெருப்புப் பட்ட பாலியஸ்டர் துணி மாதிரி சுருங்கியிருந்தது. லேபிலிருந்து கொண்டுவந்திருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுருக்கம் இல்லை, அழுகல். சாயங்காலம் கால் வந்தபோது மீனின் தலைப்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கலர் மீன் கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கிற பாய்க்கு ஐம்பது வயசு இருக்கும். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"வால் அழுவுது. தண்ணி மாத்தலையாக்கா?"

"அதெல்லாம் மாத்தினேன்."

"மாத்தியிருந்தா ஏன் அழுவுது?" என்றார். நான் பக்கத்துத் தொட்டியைப் பார்த்தேன். "சரி வுடுங்க, ஒண்ணும் பேஜார் இல்ல. நல்ல தண்ணி, கொஞ்சம் சூடு, காஞ்ச பாதாம் எல ரெண்டு. நாட்டு பாதாம் மரம் இருக்குல்ல, அந்த எல. தண்ணி டீ கலர்ல ஆவும். அந்தச் சாறு மீனுக்கு மருந்து மாதிரி."

"சாறு இல்ல பாய். அதுக்குப் பேரு டானின்."

"இன்னா?"

"டானின். எல, பட்ட, கடுக்காய் எல்லாத்துலயும் இருக்கும். தோலப் பதம் போடறதே அத வெச்சித்தான்."

"இருக்கும்க்கா. நான் மீனுக்குச் சொல்றேன்" என்று ஒரு கட்டு காய்ந்த இலையை எடுத்து நீட்டினார்.

நான் வாங்கவில்லை. எப்படி வாங்குவேன்? டானினிலேயே ஊறிப்போனவள் நான். ஒரு இலையில் கூட இருக்கும், ஒன்றில் கம்மியாக இருக்கும். தூசி, பூச்சி, காக்கா எச்சம் வேறு. எங்கள் கம்பெனி ஸ்டோரில் வாட்டில் பொடி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. மலையில் விளைகிற ஒரு மரத்தின் பட்டையைக் காய்ச்சி எடுக்கிற பொடி. சுத்தமான டானின், தோலுக்குப் போடுகிற முதல் தரச் சரக்கு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நினைத்தேன். பாயைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் லேபிலிருந்து ஒரு பேப்பரில் கொஞ்சம் பொடியை மடித்து எடுத்து வந்தேன். இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு என்று கணக்கெல்லாம் போட்டேன். கணக்கில் தவறில்லை, தோலுக்குப் போடுகிற கணக்கு அது. பொடியைக் கரைத்துத் தொட்டியில் விட்டதும் தண்ணீர் செவசெவ என்று நிறம் மாறியது. கை தட்டாத குறையாக நின்று பார்த்தேன்.

சாயங்காலம் கால் வந்தது.

"தண்ணி இன்னாம்மா இந்த கலர்ல இருக்கு?"

"பாதாம் எல போட்டிருக்கேன். வால் ஓரம் லேசா கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "எலயா?"

"எலதான்."

"பாதித் தண்ணிய மாத்திடும்மா."

"இப்பதானடா போட்டேன்."

"மாத்திடும்மா."

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

வெட்கக்கேடு என்னவென்றால், பேச்சு நாலு வரியைத் தாண்டிவிட்டதே என்று அன்றைக்கு எனக்கு உள்ளூர சந்தோஷம். எதற்காகப் பொய் சொன்னேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வாட்டில் என்று சொன்னால், டேனரியைத் தொட்டியிலும் கொண்டுவந்து கொட்டிவிட்டாளே என்று நினைப்பான். மறுபடி அந்த நாற்றப் பேச்சு வரும். குணமான பிறகு சொல்லி அவனை அசத்தலாம் என்று இருந்தேன்.

இரண்டாம் நாள் லென்ஸை வைத்துப் பார்த்தபோது வாலின் அழுகல் அப்படியே நின்றிருந்தது. ஓரம் கெட்டியாகி, ஒழுங்காகத் தெரிந்தது. "பாத்தீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"வால் சரி. மீன் ஏன் அசையாம நிக்குது?"

"ரெஸ்ட் எடுக்குது."

"காலையில இருந்து ஒரே எடத்துல நிக்குதே. எங்க கம்பெனி சூப்பர்வைசர்கூட அவ்ளோ நேரம் நிக்க மாட்டாரு" என்றார்.

உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன். சாயங்காலம் பிள்ளை மறுபடியும் தண்ணி மாத்தினியா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "மாத்துமா, ப்ளீஸ்" என்றான். அவன் என்னிடம் ப்ளீஸ் போட்டதே கிடையாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் மீன் ஒருக்களித்துத் தண்ணீரின் மேல்மட்டத்தில் கிடந்தது. துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. மேல்தோலிலிருந்து சன்னமாக வெள்ளையாய் ஏதோ உரிந்து தொங்கியது. வாயைத் திறந்து திறந்து காற்றைக் கவ்வியது. நோய் முற்றிவிட்டது, டானின் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து இன்னும் கொஞ்சம் போடலாம் என்றுகூட நினைத்தேன். கடவுளே.

அன்றைக்குக் காலையில் டிரம்மிலிருந்து ஒரு லாட் தோல் இறங்கியது. அவசரத்தில் யாரோ ஆரம்பத்திலேயே காட்டமான சரக்கைப் போட்டுவிட்டிருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே வறட்டுத்தனமாக இறுகி, சுருங்கிக் கிடந்தது. கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாய், பதமே ஏறாமல் பச்சைத் தோலாக அப்படியே இருந்தது. எனக்கு வந்ததே கோபம். "ஆரம்பத்துலயே காட்டமா போட்டா மேல் தோல் இறுகிக்கும், உள்ள எறங்காது, எத்தன வாட்டி தொண்ட கிழியக் கத்தறது? லேசுல இருந்து ஆரம்பிச்சுதான் ஏத்தணும்னு..." என்று கத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

டிரம் ஆள், "இன்னாம்மா?" என்றார்.

செத்த மாட்டின் தோலையே இந்த இறுக்கு இறுக்குகிற சரக்கு அது. அந்த மீனின் மேல் இருப்பதோ வழவழப்பான ஒரு பூச்சுத்தான். அதுதான் அதற்கு உடுப்பு, காவல் எல்லாம். செவுள் அதைவிட மெல்லிசு. இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறதைப் பாய் சொன்னார். நான் மூட்டைச் சரக்கைக் கொட்டினேன். வாலின் ஓரம் கெட்டியானது குணமானதால் இல்லை. மூன்று நாளாக அந்த மீனுக்கு நான் வைத்தியம் பார்க்கவே இல்லை. உயிரோடு அதைப் பதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்து நான்கு வருஷத்தில் ஷிப்டு நடுவில் நான் வீட்டுக்குப் போனதில்லை, பிரசவ வலி எடுத்த நாளைத் தவிர. அன்றைக்குப் போனேன். மேனேஜரிடம், "வீட்ல ஒருத்தருக்கு சீரியஸ்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீன் உயிரோடுதான் இருந்தது. செய்ய வேண்டியது தெரிந்துவிட்டால் நான் எப்போதும் பதற மாட்டேன். தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்து, அதே சூட்டில் புதுத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டேன். அரை மணி பொறுத்து மறுபடியும். புதுத் தண்ணீரிலும் சங்கதி இருக்கிறது. கேன் தண்ணீரில் ஒரு சத்தும் கிடையாது. எங்கள் தெரு போர் தண்ணீரிலோ இல்லாததே கிடையாது. முக்கால் பங்கு கேனும் கால் பங்கு போருமாகக் கலந்து, லேபில் செய்கிற மாதிரி அளந்து பார்த்துத்தான் விட்டேன். நெட்டில் உப்புப் போடு, உப்புப் போடு என்று இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு உப்புப் போடச் சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

நாலு மணி வாக்கில் செம்மை போய்த் தண்ணீர் தெளிந்தது. மீனை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பில், நாலு விரல் ஆழத் தண்ணீரில் விட்டேன். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். தெம்பில்லாத நேரத்தில் ஆழமாக இருந்தால் மேலே வரவே அதற்குச் சக்தி போதாது. வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை டப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் அணைத்து வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டுப் பாதி மூடினேன். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் செவுள் அசைகிறதா என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் டப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொழைக்காதுன்னு வெச்சிக்க. நீலம், செவப்பு, இதே சைஸு, பாய் கடையில பாட்டில் பாட்டிலா வெச்சிருக்காரு. ஒண்ணு வாங்கியாந்து தொட்டியில வுட்டா அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் கால் வரும், மீனைக் காட்டு என்பான், காட்டுவேன், நாலு வரியும் பத்திரமாக இருக்கும். எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்படியில் நின்றபோது நினைத்துப் பார்த்தேன். அவன் என்னிடம் பேசுவதே அந்த ஒன்றைப் பற்றித்தான். அதிலும் பொய்யை நீந்தவிட்டால், அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிஜமாக என்னதான் மிச்சம் இருக்கும்? செருப்பைக் கழற்றினேன். "போன குடுங்க" என்றேன்.

நானாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவன்தான் கூப்பிடுவான்; நான் கூப்பிட்டால் தணிந்து போன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு எனக்கு. முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"இன்னாம்மா? அப்பாக்கு இன்னா?"

"அப்பாக்கு ஒண்ணும் இல்ல. மீனு சாகப் பொழைக்கக் கெடக்குது. நான்தான் காரணம். நான் போட்டது எல இல்லடா. வாட்டில். உன்கிட்ட பொய் சொன்னேன். தண்ணியும் ரெண்டு வாரமா மாத்தல, அதுவும் பொய்தான்."

கூப்பாடு போடுவான் என்று காத்திருந்தேன்.

"தெரியும்மா" என்றான்.

"இன்னா தெரியும்?"

"வாட்டில்னு. மொத நாளே தெரியும். எல போட்டா மஞ்சளா எறங்கும். இது செவப்பா இருந்துச்சு. சின்னப் புள்ளையில இருந்து உன் பொடவ ஓரத்துல பாத்த கலர்மா அது. எனக்குத் தெரியாதா?"

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. "தெரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல?"

"மாத்து மாத்துன்னு ரெண்டு நாளும் சொன்னேன்ல?"

"மாத்துன்னுதான சொன்ன? வாட்டில் போட்டியான்னு கேக்கலையே!"

"கேட்டா ஒத்துக்கினு இருப்பியாம்மா?"

அவன் கத்தவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். இருபத்து நான்கு வருஷம் என்று ஆரம்பித்திருப்பேன். அவன் போனை வைத்திருப்பான். அதற்குப் பயந்துதான், தன் மீன் கண்ணெதிரே சாகும்போதுகூட என் பிள்ளை என்னிடம் சுற்றி வளைத்துப் பேசியிருக்கிறான். அது என்னை அடித்த மாதிரி வேறெதுவும் அடித்ததில்லை.

"இருக்க மாட்டேன்" என்றேன்.

"சரி, அழாதம்மா" என்றான். நான் அழுவதே அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "டப்பக் காட்டு. தண்ணி எவ்ளோ ஆழம்?"

அதற்கப்புறம் பத்து நாள் அவன் என்னை வேலை வாங்கினான் பாருங்கள். காலையில் ஒரு கால், மத்தியானம் ஒரு மெசேஜ், சாயங்காலம் ஒரு கால். இரண்டு நாளைக்குத் தீனி போடாதே. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்று. பாட்டிலில் சூடு ஆறிவிட்டதா பார். லேபில் நான் சொல்லிப் பிறர் கேட்பதுதான் வழக்கம். இங்கே அவன் சொல்ல நான் கேட்டேன். ஒரு இடத்தில்கூட "எனக்குத் தெரியும்" என்று சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. முதல் காரியமாக மறுநாள் காலையில் பாய் கடைக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"டானின் வேணுமாக்கா, எல வேணுமா?"

"எல குடுங்க பாய்" என்றேன். அவர் சிரிக்காமல் இலைக்கட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அதில் ஒரே ஒரு இலையைக் கழுவி டப்பில் போட்டேன். தண்ணீர் மெதுவாக, அவன் சொன்ன மாதிரியே, மஞ்சளாக இறங்கியது.

நாலாம் நாள் மீன் நேராக நின்றது. ஐந்தாம் நாள் போட்ட தீனியை வாயில் வாங்கித் துப்பியது. ஆறாம் நாள் துப்பவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஷிப்டில் இருந்த டிரம் ஆளிடம்தான் சொல்ல முடிந்தது. "உங்க மீனா? ஃப்ரை பண்ணலாமா?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்தாம் நாள் தொட்டிக்கே திரும்பியது. வாலின் கறுத்த ஓரம் உதிர்ந்துபோய், அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் புதுசாக ஒரு விளிம்பு வளர ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அவன், "மூஞ்சி பாக்கற கண்ணாடிய ஒரு நிமிஷம் தொட்டிக்கு நேரா காட்டுமா" என்றான். காட்டினேன். தன்னைப் பார்த்து எவனோ என்று நினைத்து, செவுளை விரித்து, இருக்கிற அரைகுறை வாலையும் விசிறிக்கொண்டு சண்டைக்கு நின்றதே ஒரு நிற்பு! ஆம்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் நான் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் லேபில் ஐந்து வருஷமாக இருக்கிறவர்களுக்கே வாட்டில் தண்ணீரையும் கடுக்காய்த் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால் தடுமாறுகிறது. இவன் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு போன் ஸ்கிரீனில் பார்த்துச் சொல்லிவிட்டான். அப்பேர்ப்பட்ட கண். அந்த வாரமே மேனேஜர் வேறு கூப்பிட்டு, லேபில் அந்த இடம் மறுபடியும் காலியாகிறது, பையனைக் கேட்டுப் பாருங்களேன் என்றார். பாருங்கள் அந்த நேரத்தை! "அவனுக்கு வேல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல நான் என்ன மரக்கட்டையா?

மீன் சண்டைக்கு நின்ற அந்தச் சாயங்காலம் அவன் போனை வைக்கவில்லை. அவங்கப்பா கடைக்குப் போயிருந்தார்.

"அம்மா, பொங்கலுக்கு வரலாம்னு இருக்கேன்."

"வா."

"வந்தா மறுபடி அந்தப் பேச்ச எடுப்பியா?"

எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவனுடைய கண், காலியான இடம், மேனேஜர் சொன்னது என்று அத்தனையும் தொண்டைக்குள் வரிசையில் வந்து நின்றது. அவன் முகம் போனில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் தயாராக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன். "நீ எடுத்தா கேட்டுக்கறேன். முழுசா கேட்டுக்கறேன், நடுவுல பேச மாட்டேன்."

அவன், "என் ரூமப் பாக்கறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பி மெதுவாகச் சுற்றிக் காட்டினான். போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. என் பிள்ளை தூங்கி எழுகிற இடத்தை அன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன். ஒரு இரும்புக் கட்டில். சுவரில் ஆணியில் தொங்குகிற இரண்டு சட்டை. தரையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரே ஒரு டம்ளர். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டைப் பிழியாமல் அப்படியே போட்டிருந்தான், தண்ணீர் கீழே இருந்த செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ரூம் நல்லா இருக்குடா" என்றேன்.